ரோட்டைச் சுருட்டிக்கொண்டு வந்த வண்டி

காரைமேட்டுப் பட்டறை வீதியில் தூரம் இருந்த காலத்தில் யாரும் அதை மதிக்கவில்லை. கிழக்கு முனையில் செங்கோடனின் லேத் பட்டறையும் வீடும், மேற்கு முனையில், வீதி போய்க் கோயமுத்தூர் ரோட்டைத் தொடுகிற இடத்தில், மாரியம்மன் கோயிலும் தண்ணீர்க் குழாயும், நடுவில் வெல்டிங் கொட்டகைகளும் ஓட்டு வீடுகளும் ஒரு டீக்கடையும் இருந்தன. குடம் சுமக்கிற பெண்கள் மட்டும் அந்தத் தூரத்தைத் தினமும் வாய் நிறையத் திட்டிக்கொண்டு நடந்தார்கள். திட்டுத் தாங்காமல்தான் தூரம் கோபித்துக்கொண்டு போய்விட்டது என்று பிற்பாடு சிலர் சொன்னதில் உண்மை இல்லை. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனது செங்கோடனின் சங்கிலி வண்டி.

செங்கோடன் கோபக்காரர் இல்லை, பிடிவாதக்காரர். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் மனைவி பாவாயியைக் கேட்டால் சொல்வாள்: கோபக்காரனுக்குச் சோறு போட்டால் கோபம் போய்விடும். அவர்களுடைய ஒரே மகள் கோகிலவாணி கோயமுத்தூருக்குப் படிக்கப் போன இடத்தில், கிரைண்டர் கம்பெனியில் வேலை பார்த்த அமல்ராஜ் என்கிற பையனைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டு அங்கேயே குடியிருந்துவிட்டாள். சேதி வந்த அன்று செங்கோடன் வீதியின் மேற்கு முனைக்கு நடந்து போய், கோயில் முன்னால் சூடம் ஏற்றி, ஊரே பார்த்திருக்க அதை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "அவ இருக்கற ஊருக்குப் போற ரோட்டுல இந்தக் காலு படாது" என்று சத்தியம் செய்தார்.

அடித்த கையில் கொப்புளம் ஆறுவதற்குள் மகளின் முகத்தை அவர் மனம் தேட ஆரம்பித்துவிட்டது. ஆனால் சத்தியம் சத்தியம்தான். வாயால் சொன்னதென்றால் ஒரு தேங்காயை உடைத்து மாற்றிக்கொள்ளலாம், அடித்து அணைத்த சூடத்தைத் திரும்ப ஏற்ற யாராலும் முடியாது என்பது அந்த வீதியின் சட்டம். பஸ்ஸில் ஏறிப் போனால் கால் எங்கே படுகிறது என்று டீக்கடையில் ஒருவர் நல்ல மனதோடுதான் கேட்டார். சக்கரம் படுகிறதே, நான் ஏறி உட்கார்ந்துவிட்டால் அந்தச் சக்கரம் என் கால்தானே என்று செங்கோடன் அந்த வழியையும் தனக்குத்தானே அடைத்துக்கொண்டார். மகளும் லேசுப்பட்டவள் இல்லை. அப்பா முதலில் என் வாசற்படி ஏறட்டும், அதற்கப்புறம் நான் அந்த வாசற்படி ஏறுகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். அப்பனை உரித்து வைத்த பெண். நடுவில் பாவாயிதான் இரண்டு பக்கமும் அழுதுகொண்டிருந்தாள்.

இப்படியே வருஷங்கள் போய், மகளுக்கு ஒரு பெண் குழந்தையும் பிறந்து, அது ஓடியாடவும் தொடங்கிவிட்ட பிறகு, செங்கோடன் பழைய இரும்பு வாங்குவதற்காக மூடிப்போன ஒரு கரும்பு ஆலைக்குப் போனார். அங்கே கொல்லைப்புறத்தில் முட்செடிகளுக்கு நடுவில் அந்த வண்டி கிடந்தது. ஏதோ ஒரு பெரிய யுத்தத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் ஓட்டியது, யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்தது, கொஞ்ச காலம் கரும்பு வண்டிகளை இழுத்தது, கடைசியில் கோழிகள் அடைகாக்கிற இடமாகிப் போனது. டாங்கி இல்லை. டாங்கிக்குத் தம்பி என்று சொல்லலாம், மேல்மூடி இல்லாத குட்டையான இரும்புத் தொட்டி, இரண்டு பக்கமும் சக்கரங்களைச் சுற்றி இரும்புக் கண்ணிகள் கோத்த சங்கிலி.

அவர் கடப்பாரையைக் கொடுத்து வண்டியை ஒரு முழம் நெம்பிப் பார்த்தார். துருவைக் கொட்டிக்கொண்டு சங்கிலி நகர்ந்தது. முன்னால் ஒரு கண்ணி தரையில் வந்து படுத்தது, அதன்மேல் சக்கரம் ஏறி உருண்டது, பின்னால் ஒரு கண்ணி தரையை விட்டு எழுந்து மேலே போனது. செங்கோடன் மறுபடியும் நெம்பினார், மறுபடியும் அப்படியேதான் நடந்தது. சக்கரம் மண்ணைத் தொடவே இல்லை. இந்த வண்டி அடுத்தவன் ரோட்டில் போகிற வண்டி இல்லை, தன் ரோட்டைத் தானே போட்டு, அதன்மேல் தானே போய், தானே அதை எடுத்துக்கொண்டும் போகிற வண்டி என்று அவருக்குப் புரிந்தபோது, கையிலிருந்த கடப்பாரை நழுவி விழுந்தது. பழைய இரும்பு வாங்கப் போனவர் அந்த வண்டியோடு திரும்பி வந்தார்.

கோயமுத்தூரில் வருஷா வருஷம் பழைய வண்டிகளின் கண்காட்சி நடக்கிறது, அதற்குக் கொண்டுபோகப் போகிறேன் என்று வீதியில் சொன்னார். வீதி நம்பியது. பாவாயி மட்டும், அவர் இன்ஜினையும் பார்க்காமல் ஸ்டியரிங்கையும் பார்க்காமல் சங்கிலியையே பார்த்து நிற்பதைக் கண்டு விஷயத்தைப் பிடித்துவிட்டாள்; அந்தக் கண்காட்சித் திடலுக்குப் பக்கத்துத் தெருவில்தான் மகளின் வீடு.

அதற்கப்புறம் பட்டறையில் ஓடியது ஒரே வேலைதான். கண்ணியோடு கண்ணியைக் கோக்கிற தேய்ந்த பின்களையெல்லாம் புதிதாகக் கடைந்து போட்டார். தார் ரோடு கீறிக்கொள்ளக் கூடாதென்று ஒவ்வொரு கண்ணியின் அடியிலும் லாரி டயரை வெட்டி வைத்துத் திருகினார். பட்டாளப் பச்சை எந்தப் பச்சை என்று பெயிண்டருக்குப் புரியாமல் போக, காய்ந்த வேப்பிலையைக் கையில் கொடுத்து இந்த நிறம் என்றார். பித்தளைத் தகடுகளைப் பாவாயி புளி போட்டுத் துலக்கினாள். ஒருநாள் காலை, வண்டி இருமி, கறுப்பாய் ஒரு மூச்சு விட்டு, உறுமத் தொடங்கியது. செங்கோடன் ஏறி உட்கார்ந்து வெள்ளோட்டமாக வீதியின் மேற்கு முனை வரைக்கும் ஓட்டிப் போய்க் கோயில் முன்னால் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். அவருடைய வீடு பின்னாலேயே நின்றது. குடத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்த பாவாயி ஒரு எட்டு வைத்தாள், குழாயடிக்கு வந்து சேர்ந்தாள்.

நடுவிலிருந்த வீடுகள் எங்கே போயின என்று கேட்டால், எங்கேயும் போகவில்லை. எல்லா வீடும் இருந்தது, எல்லாத் திண்ணையிலும் ஆள் இருந்தது, டீக்கடையில் பால் பொங்கிக்கொண்டுதான் இருந்தது. தூரம் மட்டும் இல்லை. எந்த வீட்டுப் படியிலிருந்து எந்த வீட்டுப் படிக்கும் ஒரே எட்டு. சங்கிலியில் காதை வைத்தால், கண்ணிகளுக்கு நடுவில் எங்கோ குக்கர் விசில் அடிப்பதும் வெல்டிங் பொரிவதும் மெல்லக் கேட்டது. வண்டியை ரிவர்ஸ் எடுத்தபோது தூரம் கொஞ்சமும் கசங்காமல் திரும்ப விரிந்தது.

பட்டறை வீதிக்காரர்கள் ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்குகிறவர்கள் இல்லை. இதனால் யாருக்கு என்ன லாபம், யாருக்கு என்ன தொந்தரவு என்று அன்று சாயங்காலமே பேச உட்கார்ந்துவிட்டார்கள். தண்ணீர் வருகிற நேரத்தில் வண்டி முன்னால் போக வேண்டும் என்று பெண்கள் ஒரே குரலாகச் சொன்னார்கள். மூட்டுவலிக்காரர்கள் அதை ஆமோதித்தார்கள். ஆனால் சண்டை போட்டுப் பிரிந்து ஆளுக்கொரு மூலையில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஓரகத்திகள் இருவர், இனிமேல் இவள் தாளிக்கிற வாசம் என் அடுப்படியில் வருமா என்று எதிர்த்து நின்றார்கள், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே பேச்சுப் பேசினார்கள். ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர் சென்னியப்பன் காலையில் வாக்கிங் போகச் செருப்பை மாட்டுவதற்குள் வாக்கிங் முடிந்துவிட்டது, அவருக்குச் சர்க்கரை ஏறியது. அம்மன் வீதி உலா, மேளக்காரர் முதல் அடி அடிப்பதற்குள் நிலைக்குத் திரும்பிவிட்டதால், பூசாரி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டு வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லி இன்னொரு முறை சுற்றினார். கடைசியில் தண்ணீர் நேரத்துக்குத் தூரம் வேண்டாம், மற்ற நேரத்துக்கு வேண்டும் என்று முடிவாயிற்று. செங்கோடனும் காலையில் கொஞ்சம் முன்னால், அப்புறம் கொஞ்சம் பின்னால் என்று வண்டியை ஓட்டி வைத்தார். ஆனால் அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது இந்த வீதிக்காக இல்லை. ஒரு வீதியைச் சுருட்டுகிற வண்டி ஒரு ரோட்டையும் சுருட்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சங்கிலி வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்ட அனுமதி வாங்கியது தனிக் கதை, அதை விட்டுவிடுவோம். புறப்படுகிற அன்று காலையில் கோயில் முனையைத் தாண்டும்போது, சத்தியம் செய்த இடத்தைப் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டு, "ஆத்தா, சக்கரம் படல, நீயே பாத்துக்க" என்று மட்டும் சொன்னார். பாவாயி பக்கத்தில் உட்கார்ந்து கட்டுச்சோற்றுத் தூக்குப் போசியை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி மாட்டு வண்டிக்கு ஒரு பிடி கூடுதலான வேகத்தில் மேற்கே நகர்ந்தது. முன்னால் ரோடு நீளமாக வெயிலில் கிடந்தது, பின்னால் ரோடே இல்லை. பெருந்துறை வந்து காரைமேட்டின் மேல் ஒட்டியது, விஜயமங்கலம் வந்து பெருந்துறையின் மேல் ஒட்டியது, அவிநாசித் தேர்முட்டிக்குப் பக்கத்தில் பட்டறை வீதியின் டீக்கடை நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தது, வழியிலிருந்த புளியமரங்களும் மைல்கற்களும் பெட்ரோல் பங்குகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணிகளுக்குள் போய்ப் படுத்துக்கொண்டன.

ரோட்டோரத்து ஜனங்களும் அதற்குத் தக்கபடி நடந்துகொண்டார்கள். கண்டக்டர் விசில் கொடுத்து டிக்கெட்டைக் கிழிப்பதற்குள் ஊர் வந்துவிட்டதால், ஏறாமலே இறங்கியதற்கு எதற்கு டிக்கெட் என்று பஸ்ஸில் ஒரே தகராறு. வழிநடையே இல்லாமல் போனதால் யாருக்கும் தாகம் எடுக்கவில்லை, இளநீர்க்காரர்கள் குலைகளின்மேல் ஈரச்சாக்கைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் புறப்பட்டவர்கள் தலை காயுமுன்பே பந்தலுக்கு வந்து நின்றார்கள், சமையல்காரர் அடுப்பே மூட்டியிருக்கவில்லை. ஆனாலும் எல்லோரும், கண்காட்சி முடிகிற வரைக்கும்தானே, அதற்கப்புறம் மனுஷன் விரித்துக்கொண்டே வந்துவிடுவார் என்று பொறுத்துக்கொண்டார்கள்.

கோயமுத்தூரில் கண்காட்சித் திடலுக்குள் நுழைந்து, மேற்கு ஓரமாக, கடைசி வரிசைக்குப் போனபோது வண்டி நின்றுவிட்டது. இன்ஜின் ஓடியது, சங்கிலி நகரவில்லை. செங்கோடன் குனிந்து தொட்டுப் பார்த்தார். அத்தனை ஊர் ரோட்டையும் விழுங்கிய சங்கிலி, முறுக்கிய தாம்புக் கயிறு போல விறைத்திருந்தது. இனி ஒரு கண்ணி அளவு ரோட்டுக்குக்கூட அதில் இடமில்லை. பின்னால் எடுத்தால் வரும், முன்னால் வராது. அவருக்கு எதிரில் திடலின் கம்பி வேலியும், அதில் ஒரு சின்ன வாயிலும், அதற்கு அப்பால் ஒரு குறுகலான தெருவும், அந்தத் தெருவின் கோடியில் ஒரு பச்சைக் கேட்டும் தெரிந்தன. மாடிக் கொடியில் சின்னக் கவுன்கள் காய்ந்துகொண்டிருந்தன. அதுதான் வீடு என்று பாவாயி சொல்லுமுன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

பாவாயி சத்தியம் எதுவும் செய்யாதவள். இறங்கினாள், தெருவில் நடந்தாள், மகளைக் கட்டிக்கொண்டாள், பேத்தியைத் தூக்கிக்கொண்டாள். அப்படியே திடலுக்கு வந்து ஒரு எட்டு வைத்துக் காரைமேட்டு வீட்டுக்குப் போய் ஆட்டிய மாவை எடுத்துக்கொண்டு இன்னொரு எட்டில் திரும்பி வந்து மகள் வீட்டு அடுப்பில் இட்லி ஊற்றினாள். பட்டறை வீதியே வந்துவிட்டது. டிராயிங் மாஸ்டர் பழைய கார்களைச் சுற்றிச் சுற்றி நடந்து சர்க்கரையைக் குறைத்தார். ஓரகத்திகள் திடலின் இரண்டு மூலைகளில் துண்டு விரித்து உட்கார்ந்தார்கள். எல்லோரும் கோகிலவாணியின் வீட்டுக்குப் போய்க் காபி குடித்துவிட்டு வந்தார்கள். செங்கோடன் மட்டும் வண்டியை விட்டு இறங்கவில்லை. அந்தத் திடலும் அந்தத் தெருவும் மகள் இருக்கிற ஊரின் ரோடுதானே, சத்தியம் இங்கேயும் உண்டுதானே.

மற்ற வண்டிக்காரர்கள் துணியும் கையுமாகத் துடைத்துக்கொண்டும் வருகிறவர்களுக்கு விளக்கிக்கொண்டும் நிற்க, இவர் மட்டும் இரும்புத் தொட்டிக்குள் உட்கார்ந்து உண்டு, உட்கார்ந்தே கண்ணயர்ந்து, பச்சைக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரையும் வண்டியோடு சேர்ந்த பொம்மை என்று நினைத்துச் சிலர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மதிப்பெண் போட வந்தவர்கள் சங்கிலியைக் குனிந்து பார்த்து, கண்ணிகளுக்கு நடுவில் தார் வாசம் வருவதையும், ஒரு மைல்கல்லின் மஞ்சள் தலை எட்டிப் பார்ப்பதையும் கண்டு, இது கம்பெனியில் வந்தபடி இல்லையே என்று கொஞ்சம் குறைத்துப் போட்டார்கள். அப்படியும் ஒரு பரிசு விழுந்தது. மேடைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி மைக்கில் கூப்பிட்டார்கள். அவர் வரவில்லை. தலைக்கனம் பிடித்த ஆள் என்று பேசிக்கொண்டார்கள்.

கடைசி நாள் மத்தியானம் கூட்டம் குறையத் தொடங்கியது. இளநீர்க்காரர்களும் கண்டக்டர்களும் திடலுக்கு வந்து, இன்றோடு ரோட்டை விரித்து விட்டுவிடுங்கள், எங்களுக்கும் பிழைப்பு இருக்கிறது என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். செங்கோடன் பின்களைத் தடவிப் பார்த்தார். எல்லாம் பாதிக்குமேல் தேய்ந்திருந்தன. திரும்பிப் போகத் தாங்கும். இன்னொரு முறை இந்த ரோட்டைச் சுருட்டிக்கொண்டு வர இந்தச் சங்கிலியால் முடியாது. இத்தனை ஊரைத் தாண்டி வந்துவிட்டு ஒரு சின்னத் தெருவைத் தாண்ட முடியாமல் திரும்பப் போகிறோம் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. பச்சைக் கேட்டுக்குப் பின்னால் கோகிலவாணி நின்றாள். அவளுக்கும் அதே அழுகைதான். அப்பாவின் தலை முழுக்க நரைத்துவிட்டதை அவள் இவ்வளவு நாளாக ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். தானே ஓடிப் போய்க் கூட்டிவந்தால் என்ன என்று தோன்றாமல் இல்லை, ஆனால் கூப்பிட்டாலும் அவர் கால் தரையில் படாது என்று அவளுக்குத் தெரியும். அவள் அவருடைய பெண் அல்லவா. அவளும் அத்தனை நாளும் அந்தச் சங்கிலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று உள்ளே போனாள். அம்மாவிடம் ஏதோ சொன்னாள். பாவாயி ஒரு எட்டில் காரைமேட்டுக்குப் போய், பீரோவைத் திறந்து, மகள் கல்யாணத்துக்கென்று செங்கோடன் முன்கூட்டியே எடுத்து வைத்து, கட்ட ஆளில்லாமல் கிடந்த அரக்குப் பட்டுச் சேலையை எடுத்துக்கொண்டு வந்தாள். கோகிலவாணி தன் பெட்டியிலிருந்து, அவர் பார்க்காத கல்யாணத்தில் அவள் கட்டியிருந்த சந்தன நிறப் பட்டுச் சேலையை எடுத்துக்கொண்டாள். இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்து, வாயிலைத் தாண்டி, வண்டியின் முன்னால் வந்து நின்றாள். திடலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"எறங்குங்கப்பா" என்றாள்.

"சூடம் அடிச்சிருக்கறன், அம்மிணி."

"தெரியுமுங்க. காலு ரோட்டுல படாது. வாங்க."

குனிந்து அரக்குப் பட்டை வண்டியின் ஓரத்திலிருந்து நீளமாக விரித்தாள். ஊர்வலத்தில் சாமிக்கும் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கும் கால் மண்ணில் படாமல் மாத்துத் துணி விரிக்கிற வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால் சனங்கள் தாமாகவே விலகி வழி விட்டார்கள். செங்கோடன் செருப்பைக் கழற்றி வண்டியிலேயே வைத்துவிட்டு, மரத்துப்போன கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பட்டின்மேல் வைத்தார். அவர் அதன் கோடிக்கு நடந்ததும், கோகிலவாணி அதன் முனையோடு முனை சேர்த்துச் சந்தனப் பட்டை விரித்தாள். அவர் அதன்மேல் ஏறியதும் பின்னால் போய் அரக்குப் பட்டைச் சுருட்டி எடுத்து முன்னால் கொண்டுவந்து போட்டாள். அவர் அதற்கு மாறியதும் சந்தனப் பட்டு பின்னாலிருந்து எழுந்து முன்னால் வந்து படுத்தது. உதவிக்கு வந்தவர்களை அவள் தொட விடவில்லை. மூன்றாவது முறை பட்டு புரண்டு முன்னால் வந்தபோதுதான் செங்கோடனுக்கு அவள் என்ன செய்கிறாள் என்று புரிந்தது. அப்படியே நின்றுவிட்டார். நெஞ்சுக்குள் இத்தனை வருஷமும் விறைத்துக்கொண்டிருந்த ஒன்று தளர்ந்தது.

குனிந்து பட்டின் முனைகளைப் பார்த்து, "கண்ணியோட கண்ணி ஒட்டிப் படுக்கோணும், அம்மிணி. எடைவெளி உடாத" என்றார்.

"எனக்குத் தெரியுமுங்கப்பா. நான் யாரு பொண்ணு" என்றாள் அவள், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

அப்படியே அவள் போட, அவர் நடக்க, அவள் எடுக்க, அந்தக் குறுகலான தெரு பட்டுக்கு அடியில் போய்ப் பட்டுக்குள்ளேயே மடிந்து, பச்சைக் கேட்டுக்கு வந்து முடிந்தது. கடைசி முனை வாசற்படியில் ஏறிப் படுத்திருந்தது. உள்ளே அமல்ராஜ் செம்பில் தண்ணீரோடு நின்றான், அவன் காலைக் கட்டிக்கொண்டு பேத்தி நின்றது. செங்கோடன் படியேறினார். தண்ணீரை வாங்கிக் குடித்தார். வாங்க மாப்பிள்ளை என்று, வீட்டுக்காரனையே வீட்டுக்குள் கூப்பிட்டார்.

அன்று மாலை வெயில் சாய்வதற்குள் அவர் வாசற்படியிலிருந்து ஒரே எட்டில் வண்டியில் ஏறி, இரவெல்லாம் ரிவர்ஸிலேயே ஓட்டி மறுநாள் காரைமேடு வந்து சேர்ந்தார். அவிநாசியும் விஜயமங்கலமும் பெருந்துறையும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன, புளியமரங்கள் நிழலோடு எழுந்து நின்றன, இளநீர்க்காரர்களுக்குத் தாகக்காரர்கள் கிடைத்தார்கள், ஓரகத்திகள் நிம்மதியாகத் தனித்தனியே தாளித்தார்கள். கோகிலவாணி குழந்தையோடு வண்டியில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்து, விரிந்து கிடந்த வீதியின் கோடியில் இறங்கி, பிறந்த வீட்டு வாசற்படி ஏறினாள். பின்கள் அதோடு தேய்ந்து போயின. வண்டி இப்போது பட்டறையில் சும்மா நிற்கிறது, அதற்குள் மறுபடி ஒரு கோழி அடைகாக்கிறது.

ரோடு முழுக்க விரிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் திடலிலிருந்து மகள் வீட்டுக்குப் போகிற அந்தத் தெருவைச் சங்கிலி எடுக்கவில்லை, அதனால் சங்கிலி அதைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. கம்பி வேலி வாயிலில் கால் வைத்தால் இன்றைக்கும் பச்சைக் கேட்டுதான். ஒவ்வொரு ஆடியிலும் பாவாயி மகளிடம், பட்டை இப்படி மடித்தே வைத்திருந்தால் மடிப்பில் நூல் விட்டுப்போகும், ஒரு தடவை வெயிலில் உதறிப் போடேன் என்கிறாள். கோகிலவாணி சரியென்கிறாள், பீரோவைத் திறக்கிறாள், இரண்டு சேலைகளையும் கையில் எடுத்துப் பார்க்கிறாள், உதறாமல் அப்படியே திரும்ப வைத்துவிடுகிறாள்.